காலித் தொட்டி

குளக்காரர் முதலில் அளந்தது தோட்டத்தை இல்லை. வீட்டுச் சுவருக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் இருந்த சந்து வழியை. டேப்பை எடுக்கக்கூட இல்லை. சந்துக்குள் போய் நின்று இரண்டு முழங்கைகளையும் விரித்தார். இரண்டும் சுவரில் இடித்தன.

"விலை இதுலதான் இருக்கு சார்," என்றார். "குளமெல்லாம் அப்புறம்."

நீச்சல் குளம் போடுகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கணவன் அவரைக் குளக்காரர் என்றான். வீட்டில் எல்லோருக்கும் அதுவே வந்துவிட்டது. ஒல்லியான ஆள். பேசும்போது சிரிக்காமல் பேசுவார், பேசி முடித்த பிறகு தனியாகச் சிரிப்பார்.

"பெரிய மெஷின் இந்தச் சந்துல வராது. சின்ன மெஷின்தான் வரும். அது ஒரு நாள் வேலைய நாலு நாள் செய்யும். வெட்டுன மண்ண லாரிக்குக் கொண்டு போகவும் தள்ளுவண்டிதான். தொட்டி சுத்தமா வராது. கிரேன் வச்சு உங்க வீட்டு மேல தூக்கித்தான் பின்னால இறக்கணும்."

"வீட்டு மேலயா?" என்றாள் அவள். இடுப்பில் குழந்தை இருந்தது. மூன்று வயது. எந்நேரமும் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பதால் அதற்கு வண்டு என்று பெயர். இப்போது அம்மாவின் காதுத் தோட்டை நோண்டிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்கம்மா. இதுவரைக்கும் எதையும் கீழ போட்டதில்ல."

தோட்டத்தின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்தினார். கம்பி வெண்ணெய்க்குள் போவது போலப் போனது. உருவி எடுத்து நுனியைக் கணவனிடம் காட்டினார். சாம்பல் நிறக் களிமண். அதிலிருந்து நீர் சொட்டியது.

"பாறை இல்ல, அது நல்லது. பாறைன்னா உடைக்கவே தனிச் செலவு. ஆனா கீழ தண்ணி நிக்குது. அதுக்கு ஒரு செலவு இருக்கு."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கான்கிரீட் குளமா, ஃபைபர் தொட்டியா? ஃபைபர். ஆழம் குறையட்டும். உள்விளக்கு வேண்டாம். சுற்றி டைல்ஸ் வேண்டாம், சிமென்ட் தளம் போதும். கணவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். அவன் காரில் அவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மேசையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான், அவர் ஒவ்வொன்று சொல்லும்போதும் மிதித்துக்கொண்டு.

"அடியில ஜல்லி நிரப்பி, தொட்டிக்குப் பக்கத்துல ஒரு குழாய் நிறுத்துவோம். நிலத்துத் தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு அதுல பாக்கலாம். ஏறினா அது வழியா மோட்டார் போட்டு இறைச்சுடலாம்," என்றார் குளக்காரர்.

"அது இல்லாம போட முடியாதா?"

"போடலாம். ஆனா ஒரே கண்டிஷன். தொட்டிய எப்பவும் காலி பண்ணக் கூடாது. உள்ள தண்ணி இருந்தா அந்தக் கனம் அமுக்கிப் பிடிச்சுக்கும். காலி பண்ணீங்க, கீழ இருக்கற தண்ணி தூக்கிடும்."

"கப்பல் மாதிரியா?"

"கப்பலுக்காவது கேப்டன் இருப்பான் சார்."

கணவன் சிரித்தான். குழாய் போனது.

"அடுத்தது வேலி," என்றார் அவர். "குழந்தை இருக்கற வீடு. தானா மூடிக்கற கதவோட போட்டா…"

"அது அப்புறம் போட்டுக்கலாம்."

"வேலி இருக்கட்டும்," என்றாள் அவள்.

"அப்புறம்னுதானே சொன்னேன், வேண்டாம்னா சொன்னேன்?"

குளக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை கைநழுவிப் போய்விடக் கூடாதே என்கிற பார்வை. "அப்புறமும் போடலாம்மா," என்றார்.

வேலியும் போனது.

*

கிரேன் வந்த அன்று அவள் வண்டைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை போய்விட்டாள். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டு ஓட்டுக்கு மேல் ஒரு நீல நிற வயிறு காற்றில் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டு கைதட்டியது. தொட்டி கூரைக்குப் பின்னால் மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

குழிக்குள் தொட்டியை வைத்தார்கள். பக்கங்களில் மண் தள்ளத் தள்ள, உள்ளே தண்ணீரும் விட்டார்கள். மேல் விளிம்பைச் சுற்றி சிமென்ட் தளம் போடவேண்டியது மட்டும் பாக்கி. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளக்காரர் போனார். குழியை வெட்டும்போது ஊறிய நீரை இறைக்கக் கொண்டுவந்த மோட்டாரைச் சந்திலேயே போட்டுவிட்டுப் போனார்.

மழை விடவில்லை.

அவளுடைய வேலை வீட்டிலிருந்தே செய்யும் வேலை. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒலிப்பதிவாகச் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு காதிலும் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். ஆறு வருடமாகச் செய்கிறாள். பித்தப்பைக் கல், முறிந்த மணிக்கட்டு, சர்க்கரைப் புண் எல்லாம் அவள் காது வழியாக நுழைந்து விரல் வழியாக வெளியே போய்விடும். எதுவும் உள்ளே தங்காது.

ஒன்று தங்கியது. போன வருடம் வந்தது. களைத்துப்போன ஒரு பெண் மருத்துவரின் குரல். மூன்று வயது ஆண் குழந்தை. வீட்டுக் குளத்தில் கண்டெடுக்கப்பட்டது. நீருக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. தாய் பக்கத்து அறையில் இருந்திருக்கிறார். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்கிறார். அதற்குப் பிறகு மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தைத் தட்டச்சு செய்ய வழியில்லை. அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே அந்த நீலம் கிடந்தது. மழைத்துளிகள் அதன் மேல் கொதிப்பது போலக் குதித்தன. அவள் ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். வண்டின் இரண்டு ஷூக்களிலும் சாவிக்கொத்திலிருந்து கழற்றிய குட்டி மணிகளைத் தைத்துவிட்டாள். மணி கேட்டால் வண்டு நடக்கிறது. கேட்காவிட்டால் பெடலை விட்டுவிட்டு ஓட வேண்டும். பெரும்பாலும் வண்டு ஏதாவது மூலையில் உட்கார்ந்து மணியைத்தான் நோண்டிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்க அவள் திரும்பி வருவாள். பத்து நிமிடத்தில் மறுபடியும் ஓடுவாள்.

அவள் தட்டச்சில் பிழை திருத்துகிறவள் செய்தி அனுப்பினாள்: என்னக்கா ஆச்சு, இடது காலைப் பூரா வலது கால்னு அடிச்சு வச்சிருக்க, அந்த ஆளுக்கு எந்தக் கால வெட்டுவாங்க?

கணவன் தற்காலிக ஏற்பாடாகத் தோட்டத்து வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கயிறு கட்டினான். வண்டை நிற்கவைத்துப் பாடம் நடத்தினான்.

"குளத்துக்கிட்ட போனா முதல்ல என்ன பண்ணணும்?"

"ஷூ கழட்டணும்."

"ஏன்?"

"வழுக்கும்."

"சமத்து."

அவள் தம்பியும் அந்த வீட்டில்தான் இருந்தான். மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். அவன் அறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தது. குழி வெட்டிய நாட்களில் ஆரம்பித்த பழக்கம், இன்னும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டே படுத்தான். நாற்காலி வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இது வேலியாக்கா? பாட்டு நின்னதும் ஓடிப்போய் உக்காரணும் போல இருக்கு."

"சிரிக்காதடா. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எப்போதான் பயமில்ல? நான் சைக்கிள் ஓட்டுனப்பவே பயந்த."

"விழுந்தியா இல்லையா?"

"விழுந்தேன்," என்று ஒப்புக்கொண்டு படுக்கப் போனான்.

வண்டு அந்தக் கயிற்றுக்கு அடியில் தலையைக்கூடக் குனியாமல் நடந்து போகும் உயரம்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மணிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, சீராக. சீராக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். கதவுத் தாழில் தொங்கிய சாவிக்கொத்து, அதில் மிச்சமிருந்த ஒரு மணியோடு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது அதைத்தான்.

வண்டு குளத்து விளிம்பில் குப்புறப் படுத்திருந்தது. ஷூக்கள் பக்கத்தில் ஜோடியாக, ஒழுங்காக. சிவப்புப் பந்து தண்ணீரில் மிதந்தது. வண்டின் இடுப்பு வரை விளிம்புக்கு அந்தப் பக்கம். கை நீண்டிருந்தது. இன்னும் ஒரு விரல் அளவு நீண்டால் பந்து.

அவள் கத்தவில்லை. கத்தினால் குழந்தை திடுக்கிட்டு உள்ளே போய்விடும். ஈர மண்ணில் கால் சத்தம் கேட்காமல் நடந்து, குனிந்து, சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்தாள். பிறகு உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அம்மா, பந்து," என்றது வண்டு.

*

"தண்ணிய எடுத்துடுங்க," என்றாள் அன்று மாலை.

கணவன் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "எந்தத் தண்ணிய?"

"குளத்துத் தண்ணிய. வேலி போடற வரைக்கும்."

"அந்த ஆள் சொன்னது மறந்துபோச்சா? காலி பண்ணா தொட்டி மேல வந்துடும்."

"வரட்டும்."

"வரட்டுமா? உடைஞ்சா யாரு தருவா?"

"உடையட்டுங்க. தொட்டிதானே? இன்னைக்கு அவ எப்படிப் படுத்திருந்தான்னு நீங்க பாக்கல."

"கதவுக்குத் தாழ்ப்பாள் போடு."

"நாற்காலி இழுத்துப் போட்டு ஏறித் தொறக்கறா. நீங்க போட்ட அதே நாற்காலி."

அவன் சட்டையை உதறிக் கொடியில் போட்டான். "மழை விடட்டும். வர்ற வாரம் சிமென்ட் போடும்போதே வேலியும் பேசிடறேன். ஒரு வாரம் பாத்துக்க மாட்டியா? வீட்லதானே இருக்க?"

வீட்லதானே இருக்க. பதிவில் இருந்த அந்தத் தாயும் வீட்டில்தான் இருந்தாள்.

காலையில் கணவன் கார் எடுத்துக்கொண்டு போனதும் அவள் சந்திலிருந்து மோட்டாரை இழுத்து வந்தாள். குழி வெட்டியவர்கள் அதைப் போட்டதைப் பார்த்திருக்கிறாள், கஷ்டம் ஒன்றுமில்லை. கயிறு கட்டி ஆழமான பக்கத்தில் இறக்கினாள். குழாயைத் தெருச் சாக்கடைக்கு விட்டாள். வயர் எட்டவில்லை. சமையலறை பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, அதைக் குளத்து விளிம்பில் ஒரு செங்கல் மேல் வைத்து, தூறலுக்காக மேலே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தாள். மோட்டார் உர்ர் என்று இரைந்தது.

தம்பி வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றான். உடம்பு முழுக்க மீன் வாடை.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியும்போது தெரியட்டும்."

"சுளுக்கெடுத்துடுவாரு."

"என்னைத்தானே? நீ போய்ப் படு."

"காலி பண்ணக் கூடாதுன்னு அந்தக் குளக்காரர்…"

"தொட்டிக்கு ஆகாதுன்னுதான் சொன்னாரு. குழந்தைக்கு ஆகாதுன்னு சொல்லல."

அவன் தலையைச் சொறிந்தான். அந்தப் பேச்சில் எங்கேயோ ஓட்டை இருப்பது போல இருந்தது அவனுக்கு. தூக்கம் கண்ணை இழுத்தது. போய்ப் படுத்துவிட்டான்.

மதியத்துக்குள் நீலத் தரை தெரிந்தது. ஆழமான மூலையில் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர், அதில் மோட்டார் காற்றையும் நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. மேலே சின்னத் தூறல். விழுவதையும் அது இழுத்துவிடட்டும் என்று ஓடவிட்டாள். பந்து சரிவில் இறங்கி மூலையில் கிடந்தது. வெற்றுத் தொட்டி. அதைப் பார்க்கப் பார்க்க அவள் தோள்கள் இறங்கின. இரண்டு வாரமாகத் தோள்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கின்றன, இறங்கும்போதுதான் தெரிந்தது.

வண்டுக்குச் சோறு ஊட்டி மேசைக்கு அடியில் கிறுக்க உட்கார வைத்தாள். இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டினாள். தோள்பட்டை ஜவ்வுக் கிழிசல். வலது தோள், சந்தேகமே இல்லாமல் வலது. பெடலை மிதித்தாள். விரல்கள் தானாக ஓடின. மூன்று அறிக்கை ஒரு தப்பில்லாமல் முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

மேசைக்கு அடியில் காகிதம் மட்டும் இருந்தது.

ஓடினாள். ஷூக்கள் குளத்து விளிம்பில், ஜோடியாக. பிறகுதான் நினைவு வந்தது, தண்ணீர் இல்லை.

வண்டு தொட்டிக்குள் இருந்தது. படி வழியாக இறங்கியிருக்கிறது. கையில் மணல் விளையாடும் தகர டப்பா. ஆழமில்லாத பக்கத்திலிருந்து சரிவில் உட்கார்ந்து சறுக்கி இறங்குவதும், தவழ்ந்து ஏறுவதுமாக இருந்தது.

"அம்மா, சறுக்கு மரம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகை மாதிரியான சிரிப்பு. படிக்குப் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் இருந்தால் இந்நேரம். அந்த நினைப்பை முடிக்கவில்லை. விளையாடட்டும். காய்ந்த தொட்டி என்ன செய்துவிடும்?

வண்டு பந்தை எடுத்துவந்து சரிவின் நடுவில் வைத்தது. பந்து ஆழமான மூலைக்கு உருண்டது. மறுபடி எடுத்துவந்து வைத்தது. உருண்டது, இந்தத் தடவை மெதுவாக. மூன்றாவது தடவை பந்து நின்ற இடத்திலேயே நின்றது.

வண்டு அதை விரலால் குத்தியது.

பந்து மேட்டைப் பார்த்து உருண்டது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் பார்த்ததை மூளை எடுத்துக்கொள்ளவில்லை. ஆழமான மூலையில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு நாக்கு போல நீண்டு சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறுமா? ஏறாது. அப்படியானால் சரிவு சரிவாக இல்லை. தரைதான் எழும்புகிறது.

"வண்டு. அம்மாகிட்ட வா."

"இன்னும் ஒரு தடவை."

"இப்பவே வா."

சேற்றில் புதைந்த காலை உருவும் சத்தம் கேட்டது. காலுக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு. ஆழமான பக்கத்து விளிம்பு அவள் கண்ணெதிரே மண்ணை உதறிக்கொண்டு மேலே வந்தது. மண்ணுக்குள் ஏதோ குழாய் பட்டென்று முறிந்தது. தொட்டி முழுவதும் அவள் பக்கம் சாய, வண்டு உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சறுக்கி, பாதி வழியில் பக்கச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டது. சரிவு வளையும் இடத்தில் தரை உப்பியது. உப்பிய இடத்தில் ஒரு கோடு விழுந்தது. கோட்டிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் பீறிட்டது.

அவள் குதித்தாள். வழவழத்த தரை காலை வாரிவிட்டது. முட்டியில் விழுந்து, தவழ்ந்து, குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். படி இருந்த பக்கம் இப்போது பள்ளம். அங்கேதான் களிமண் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது, வேகமாக. அதைக் கடந்தால் மூன்று படி, அதற்கு மேலே தோட்டம். கடக்க ஒரு காலை எடுத்தாள்.

மேலே படிக்குப் பக்கத்தில் மண் சரிந்தது. செங்கல் சரிந்தது. கவிழ்த்த வாளி உருண்டு வந்து தண்ணீரில் விழுந்தது. அதன் பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சிவப்பு விளக்கு எரிய எரிய, விளிம்பில் வந்து நின்றது. பிறகு சறுக்கியது. வயர் இழுத்துப் பிடித்ததால் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சுவரில் தொங்கியது. மோட்டார் இன்னும் உர்ர் என்று இரைந்தது.

எடுத்த காலைப் பின்னால் வைத்தாள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. இவள் நின்ற மேட்டுக்குத் தண்ணீர் வருவதற்குள் அது பாக்ஸைத் தொடும். தொட்ட பிறகு வந்தால்? பின்னால் ஏறலாமா என்று திரும்பினாள். எழும்பிய சுவர் அவள் தலைக்கு மேல் நின்றது, பிடிக்க ஒரு விரல் இடமில்லாத வழவழப்பு.

"தம்பி!"

காதில் பஞ்சு.

"டேய் தம்பி! எந்திரிடா!"

வண்டு அழுதது. தம்பியின் ஜன்னல் மூடியிருந்தது, மின்விசிறி ஓடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் சுற்றிப் பார்த்தாள். எறிய ஒன்றுமில்லை. வண்டின் கையில் அந்தத் தகர டப்பா இன்னும் இருந்தது. விரல்களைப் பிரித்துப் பிடுங்கினாள். ஒரு கையில் குழந்தை, மறுகையால் எறிந்தாள். டப்பா சுவரில் பட்டு விழுந்தது. அவ்வளவுதான், இனி ஒன்றுமில்லை. தண்ணீர் அவள் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சேற்றுக்குள் கைவிட்டாள். செங்கல் சரிந்தபோது உடைந்து தெறித்த அரைத் துண்டு ஒன்று மேட்டில் சேற்றோடு கிடந்தது. அதை எடுத்து மறுபடி எறிந்தாள்.

கண்ணாடி உடைந்தது.

தம்பி முகம் ஜன்னலில் தெரிந்தது. வீங்கிய கண். பார்த்தான், வாய் திறந்தது, மறைந்தான். அடுத்த நொடி தோட்டத்துக் கதவைத் தாண்டி, நாற்காலிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு நேராக அவளைப் பார்த்து ஓடிவந்தான்.

"வராத! உள்ள வராத! பிளக்! கிச்சன் பிளக்கப் புடுங்கு!"

"என்ன?"

காதில் பஞ்சு. அவன் படிக்கு வந்துவிட்டான். ஒரு கால் முதல் படியில். அவள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டி அந்தப் பாக்ஸைக் காட்டினாள். அவன் பார்த்தான். அதிலிருந்து வயர் வழியாகச் சமையலறை ஜன்னல் வரை பார்த்தான். திரும்பி ஓடினான்.

அவள் நின்றாள். குழந்தையின் கால்களை மடக்கித் தன் மார்புக்கு மேலே தூக்கிக்கொண்டாள். தன்னைத் தொட்டாலும் இதைத் தொடக் கூடாது. அப்படியெல்லாம் நடக்காது என்றும் தெரியும். மின்சாரம் தாய் எது பிள்ளை எது என்று பார்க்காது. தண்ணீர் பாக்ஸுக்கு இரண்டு விரல் கீழே. ஒரு விரல்.

உர்ர் சத்தம் நின்றது.

சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. இருந்தும் கால் நகரவில்லை. தம்பி திரும்பி வந்து பிளக்கைக் கையில் தூக்கிக் காட்டினான். வயரோடு, மீன் பிடித்தவன் தூண்டிலைக் காட்டுவது போல. "புடுங்கிட்டேன்க்கா! வா!"

இடுப்பளவு களிமண் தண்ணீரில் இறங்கி நடந்தாள்.

*

கணவன் வந்தபோது மூன்று பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் நேராகத் தோட்டத்துக் கதவுக்குப் போனான். தொட்டியின் ஒரு பக்கம் அவன் மார்பு உயரத்துக்கு மண்ணிலிருந்து நீண்டிருந்தது. அடிவயிற்றில் களிமண் ஒட்டியிருந்தது. அவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு திரும்பி வந்து குழந்தையைப் பார்த்தான். நெற்றிப் புடைப்பைத் தொட்டான். எதை முதலில் பார்த்தான் என்பதை அவள் கவனித்தாள்.

குளக்காரர் அரை மணியில் வந்துவிட்டார். இந்தத் தடவை சிரிப்பு பேச்சுக்குப் பிறகும் வரவில்லை.

"ஹோஸ் எடுங்க. உடனே தண்ணி விடணும்."

"மறுபடியும் தண்ணியா?" என்றான் கணவன்.

"கீழ இருந்து வர்ற தண்ணி மட்டும் போதாது. மேலயும் விட்டு நிரப்பணும். இல்லேன்னா இன்னும் நகரும். நகர்ந்தா மதில் பக்கத்து மண்ணும் உள்ள வரும். மதில் வரும்."

தம்பி ஹோஸை மாட்டினான். எதைக் காலையிலிருந்து வெளியேற்றினாளோ அது மறுபடி உள்ளே விழுந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்லம்மா," என்றார் குளக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சொன்னீங்க. சொல்லிட்டு வேலியில்லாம வச்சுட்டுப் போனீங்க. காலி பண்ணா தொட்டி வரும்னீங்க. நிரப்பி வச்சா பிள்ளை போகும்னு யாரும் சொல்லல."

அவர் ஹோஸ் நுனியைத் தொட்டிக்குள் இன்னும் தள்ளிவிட்டார்.

"சரி," என்றான் கணவன். "இப்போ எவ்வளவு ஆகும்?"

"எதுக்கு சார்? எடுத்துட்டு வேற வைக்கவா? இல்ல மூடிடவா? மூடறதும் லேசில்ல. வெட்டுன மண்ணு போயிடுச்சு, புதுசாக் கொண்டு வரணும். அதே சந்து, அதே தள்ளுவண்டி. வெட்டுன செலவு மூடவும் ஆகும்."

"வேலிக்கு," என்றாள் அவள்.

இருவரும் திரும்பினார்கள்.

"எடுக்கறதோ மூடறதோ நீங்க ரெண்டு பேரும் எப்ப வேணா பேசுங்க. அதுவரைக்கும் அது தண்ணியோடதான் நிக்கும், இல்லையா? இன்னைக்கு வேலி நிக்கணும். கம்பியோ, பலகையோ, தகரமோ. இருட்டறதுக்குள்ள."

குளக்காரர் கணவனைப் பார்த்தார். கணவன் எதையும் மிதிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அவர் இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். மதிலோரம் ஒரு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். தம்பி ஹோஸோடு நின்றான், கணவன் குழந்தையை வைத்திருந்தான். அவளே போய்ப் பிடித்தாள். அவர் டேப்பை நீட்டிக்கொண்டே தொட்டியைச் சுற்றி நடந்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சலசலப்பு, பிறகு ஆழமான ஒன்று. சிவப்புப் பந்து சேற்று நிறத் தண்ணீரில் எழும்பி, மெதுவாகச் சுற்றி, அவள் பக்கம் வந்தது.

"அம்மா, பந்து," என்றது வண்டு, அப்பாவின் தோளிலிருந்து கையை நீட்டி.

டேப் படபடவென்று அடித்துக்கொண்டது. குளக்காரர் கண்ணைச் சுருக்கி எண்ணைப் படிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இழுத்துப் புடிங்கம்மா," என்றார். "ஆடுது."